மாப்பிள்ளையை மூன்று தடவை வெளுத்த கதை

வீரேஸ்வரம், ஸ்ரீரங்கம்
கார்த்திகை மாதம், புதன்கிழமை

அன்பு மகள் மணிமேகலைக்கு அப்பா எழுதுவது. முதலில் இந்தக் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள் கண்ணு. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன், ஆனாலும் எழுத்து கோட்டில் நிற்க மறுக்கிறது, வரியின் தொடக்கத்தில் ஒழுங்காக ஏறுகிறது, கடைசியில் பாரம் சரிந்த லாரி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. நாற்பது வருஷம் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கியவனுக்குப் பேனா கனக்கிறது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அரைப் பக்கம் எழுதுவதற்குள் தோள்பட்டை இறங்கிப்போகிறது. பேனாவை விரலால் பிடிக்க வேண்டும், நான் இன்னும் முதுகால் பிடிக்கிறேன் என்று டீச்சர் சொல்கிறாள். நான்கு நாளாக இதை எழுதுகிறேன், ஆகவே ஒரு இடத்தில் மழை என்றும் அடுத்த இடத்தில் வெயில் என்றும் வந்தால் குழம்பாதே. இங்கே நானும் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே லீட்ஸில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி அபியும் அந்தக் குளிருக்குச் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். அப்பா தன் கையால் எழுதும் முதல் கடிதம் இது, எழுபதாவது வயதில்.

ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டு முருங்கை மரம் நம் குளியலறைக் கூரை மேல் சாய்ந்து ஒரு ஷீட் உடைந்தது, மாற்றியாகிவிட்டது. கொள்ளிடத்தில் தண்ணீர் இன்னும் ஓடுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நான் ஏதாவது வேலை சொன்னால் மட்டும் திரும்பி வருகிறது. முதியோர் கல்வி மாலை வகுப்பில் பதினெட்டு பேர் படித்தோம், அதில் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். ரிஃபானா டீச்சருக்கு உன்னைவிடப் பத்து வயது குறைவு, வீட்டுப்பாடம் எழுதாமல் போனால், "ஐயா, நாளைக்கு உங்க அப்பா அம்மாவ கூட்டிட்டு வாங்க" என்பாள். பரீட்சை எழுதி பாஸ் ஆகிவிட்டேன், சர்ட்டிபிகேட்டை அம்மா அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறாள், எலி தின்னாதாம். இப்போது எதைக் கண்டாலும் படிக்கிறேன். பஸ்ஸில் போனால் கடைப் பலகை எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிக்கிறேன், ஒரு நாள் கண்டக்டர், "பெரியவரே, ஸ்டாப்பிங் சொல்ற வேலைய நான் பாத்துக்கறேன், நீங்க உக்காருங்க" என்றார். மார்க்கெட்டுக்குப் போனேன். முப்பது வருஷமாக நான் வெற்றிலை துப்பிக்கொண்டிருந்த சுவரில் பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருக்குமே, ஏதோ கட்சி விளம்பரம் என்று நினைத்திருந்தேன். ‘இங்கே எச்சில் துப்பாதீர்கள்’ என்று இருக்கிறது. அந்தத் ‘துப்பாதீர்கள்’ முழுக்கச் சிவப்பாக இருக்கிறது, அதில் பாதி நான் போட்ட வர்ணம்.

சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டிருக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினோம் அல்லவா. எப்போதும் அந்தச் சுவர் கேமராவில் படாமல்தான் போனைப் பிடிப்பேன், அன்று மறந்துவிட்டேன், அம்மாவுக்குப் பின்னால் சுவரில் உங்கள் கல்யாணப் படம் தெரிந்தது. அபி விரலை நீட்டி ஏதோ கேட்டாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் அந்த விரலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. படத்தில் உன் பக்கத்தில் நிற்கும் அந்த ஆள் யார் என்று கேட்டாள். தன் அப்பாவை. நீ, "அப்பா, அந்த போட்டோவ கொஞ்சம் கிட்ட காட்டுங்க" என்றாய். நான், "அது லைட்டும்மா, கேமராவுல அப்படித்தான் தெரியுது" என்றேன். மாப்பிள்ளை உன் தோளுக்குப் பின்னாலிருந்து குனிந்து ஒரு நிமிஷம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, டீ போடப் போகிறேன் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து நீ என்னிடம் பேசுவது மூன்று வாக்கியம், சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அம்மாகிட்ட குடுங்க. போன வாரம் அம்மாவிடம், பொங்கலுக்கு வரும்போது மத்திய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஹோட்டலில் ரூம் போட்டிருக்கிறோம் என்று சொன்னாயாம். பெற்றவன் வீடு ஸ்ரீரங்கத்தில் இருக்க, கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து முதல் தடவையாக மாப்பிள்ளையோடு வரும் மகள் ஹோட்டலில் தங்குவது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். இதில் என் யோக்கியதையையும் கேட்டுக்கொள். அதைக் கேட்டவுடன் எனக்கு வருத்தம் வருவதற்கு முன்னால், தெருவில் கேட்டால் சொல்ல ஒரு பதில் வந்துவிட்டது. நம் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லை, அதனால்தான் என்று. பொய்யில் உன் அப்பனுக்கு அவ்வளவு பழக்கம்.

இப்போது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுபஸ்ரீ என்று பெயர், பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆராய்ச்சி செய்கிறாள். பிள்ளைகள் வெளிநாட்டில் வேறு இனத்தில் கல்யாணம் செய்துகொண்டால் இங்கே இருக்கும் தாய் தகப்பன் என்ன நினைக்கிறார்கள், அந்தக் குடும்பத்தில் இரண்டு இனத்துக்கும் பிறக்கும் குழந்தைகள் தங்களை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்கள், இதுதான் அவள் படிப்பு. இதற்கெல்லாம் படிப்பு இருக்கிறதா என்று நான் அசந்துபோனேன், நம் தெருவில் இதைப் பெண்கள் குழாயடியில் இலவசமாகச் செய்கிறார்கள். என் மருமகன் இங்கிலாந்துக்காரர் என்று நான் வகுப்பில் பெருமை அடித்தது டீச்சர் மூலமாக அவள் காதுக்குப் போயிருக்கிறது. நாம் வீடியோவில் பேசியதற்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்தாள். உள்ளங்கை அளவு ஒரு ரெக்கார்டரை மேசையில் வைத்தாள். என் பெயரைப் போட மாட்டார்களாம், வேறு பெயர் போடுவார்களாம், அதுதான் ஆராய்ச்சி விதியாம். எனக்கு முகம் தொங்கிவிட்டது, வாழ்க்கையில் முதல் தடவை புத்தகத்தில் வரப்போகிறோம், அதுவும் வேறு எவன் பெயரிலோ. "வேணும்னா நீங்களே ஒரு பேரு சொல்லுங்கய்யா" என்றாள். பூபதி என்று போடச் சொன்னேன். நான் மூட்டை தூக்கிய மண்டியின் முதலாளி பெயர் அது, அவர் சேரில் சாய்ந்து உட்கார்ந்து பேசுவது மாதிரியே நானும் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். அதோடு கெட்டது.

அவள் என்ன கேட்டாலும் பூபதி முதலாளி பதில் சொன்னார். மகள் வேறு நாட்டவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்று கேட்டபோது எப்படி இருந்தது என்றாள். சந்தோஷமாக இருந்தது என்றேன். நிறம், இனம் எல்லாம் ஒரு தடையாகத் தெரிந்ததா என்றாள். "நாங்க வித்தியாசமே பாக்கறதில்லம்மா, மனுஷன் மனசு போதும்" என்றேன். அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்தது. இங்கே வேறு சாதியில் செய்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பீர்களா என்றாள். சாதியா, அது எந்தக் கடையில் விற்கிறது என்கிற மாதிரி ஒரு பதில் சொன்னேன். எனக்கு நேர் மேலே சுவரில் இருந்த உங்கள் படத்தைப் பார்த்து, "இவருதான் உங்க மருமகனாய்யா?" என்றாள். ஆமாம், இங்கிலாந்துக்காரர் என்றேன். அதற்குப் பிறகு அவள் அம்மாவைத் தனியாக அடுப்படியில் உட்கார வைத்துப் பேசினாள். கணவன் மனைவியை ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால் ஒருவர்தான் பேசுவாராம். அந்த ஒருவர் யார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, நீ என்னிடம் பேச்சைக் குறைத்துவிட்ட சமயம், சுபஸ்ரீ மறுபடி வந்தாள். நாங்கள் பேசியதை ஒரு எழுத்து விடாமல் டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தாள். என்னுடையது பதினோரு பக்கம், அம்மாவுடையது மூன்று பக்கம். "நீங்க பேசுனது உங்களுதுய்யா, படிச்சுப் பாருங்க, மாத்தணும்னா மாத்தலாம், வேண்டாம்னா மொத்தமா எடுத்துடலாம், நான் வாசிச்சுக் காட்டட்டுமா" என்றாள். வேண்டாம், நானே படித்துக்கொள்வேன் என்று சர்ட்டிபிகேட் வாங்கியவன் சொல்லிவிட்டான். ஆறு நாள் ஆனது கண்ணு. இவ்வளவு நீளமாக நான் படித்தது அதுதான் முதல் தடவை, படித்ததும் நான் பேசியதையே. வாயால் சொல்லும்போது வித்தியாசமே பாக்கறதில்ல என்பது ஒரு மூச்சு. எழுத்துக்கூட்டும்போது வித், தி, யா, ச, மே என்று ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து நகர வேண்டியிருக்கிறது, அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் இந்த எழுத்து நம்மைப் பார்க்கிறது. வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் அது பொய் என்று எனக்கே தெரிந்துவிட்டது. வேகமாகப் படிக்கத் தெரிந்தவனாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். இதில் அந்தப் பெண் நான் பேசாததையும் குறித்து வைத்திருக்கிறாள். சந்தோஷமாக இருந்தது என்ற இடத்துக்குப் பக்கத்தில், ‘நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொல்கிறார்’ என்று இருக்கிறது. இங்கிலாந்துக்காரர் என்ற இடத்தில், ‘படத்தைப் பார்க்காமல் சொல்கிறார். எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறார்’ என்று இருக்கிறது. பூபதி முதலாளி தண்ணீர் குடித்தது ஏன் என்று உனக்கு நான் சொல்லியாக வேண்டும்.

நீ க்வாமே என்ற பெயரை முதலில் சொன்னபோது, அவர் தாய் தகப்பன் கானாவிலிருந்து லீட்ஸுக்கு வந்தவர்கள் என்று சொன்னபோது, நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாவது நாள் பசி தாங்காமல் மூன்று வேளைக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். சனிக்கிழமை பிறந்தவர்களுக்கு அவர்கள் வைக்கும் பெயர் அது என்று நீ விளக்கியதும் உன் அம்மா, "சனிக்கிழமைனா நம்ம பெருமாளுக்கு உகந்த நாளு" என்று முடித்துவிட்டாள், அவளுக்கு அவ்வளவுதான் விஷயம். எனக்குத்தான் முடியவில்லை. நீ அனுப்பிய கல்யாணப் படத்தைச் சின்னக்கடை வீதிப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜெபராஜிடம் கொண்டுபோனேன். நம் ஊர் ஸ்டுடியோவில் யார் முகத்தையும் இருக்கிறபடி கொடுக்கிற வழக்கம் இல்லை, கேட்காமலே இரண்டு படி வெளுத்துத்தான் தருவார்கள். ஜெபராஜும் உன்னையும் அவரையும் வழக்கம்போல வெளுத்துக் கொடுத்தான். போதாது என்றேன். கொஞ்சம் ஏற்றினான். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டு மறுநாளும் போனேன், மாப்பிள்ளைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் என்றேன். மூன்றாவது தடவை ஜெபராஜ், "அண்ணே, இதுக்கு மேல ஏத்துனா மூக்கு மறைஞ்சிரும்" என்றான். அப்படி வந்ததுதான் எட்டு வருஷம் சுவரில் இருந்த ஆள். வடக்கே எங்கோ பேங்கில் வேலை பார்ப்பவர் மாதிரி இருந்தார், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், ஆனால் நம் வீட்டுக்கு அவர் யாரும் இல்லை. தெருவில் இங்கிலாந்துக்காரர் என்றேன், அங்கேயே பிறந்தவர், ஆகவே பொய்யில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். கேட்டவர்கள் வெள்ளைக்காரர் என்று நினைத்தால் அது அவர்கள் கற்பனை என்று விட்டேன்.

இதைச் செய்தவன் எப்படிப்பட்ட அழகன் என்று உனக்கே தெரியும். மார்க்கெட்டில் என்னைக் கரிமூட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு முன்னால் இரண்டு இடத்தில் பெண் பார்த்தார்கள், ஒரு வீட்டில் பையன் வெளிச்சத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தோம் என்றே சொன்னார்கள். அந்தச் சூடு பட்ட நான்தான் அதே சூட்டை எடுத்து மாப்பிள்ளைக்கு வைத்தேன். சாதி பார்ப்பதில்லை என்று சொன்னேனே, அதன் உண்மையையும் எழுதிவிடுகிறேன். நீ வெளிநாட்டவரைச் சொன்னபோது ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. இங்கே வேறு சாதியில் செய்திருந்தால் சொந்தக்காரர்கள் என்ன ஆளு, எந்த ஊரு என்று துருவுவார்கள், கானாக்காரரிடம் அதைக் கேட்க அவர்களுக்குத் தெரியாது. அது தீர்ந்ததே என்று நினைத்தேன், நிறம் மட்டும் மிச்சம் நின்றது, அதை ஜெபராஜ் பார்த்துக்கொண்டான். இன்னும் ஒன்று இருக்கிறது, இதை எழுத மட்டும் ஒரு நாள் ஆனது. நீங்கள் வருவதாக இருந்த பயணம் மூன்று தடவை தள்ளிப்போனது. ஒரு தடவை கொரோனா, ஒரு தடவை அபிக்கு உடம்பு முடியவில்லை, ஒரு தடவை உனக்கு ஆஸ்பத்திரியில் லீவு இல்லை. மூன்று தடவையும் அம்மா அழுதாள். மூன்று தடவையும் நானும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன், உள்ளே ஒரு ஓரத்தில் அப்பாடா என்று இருந்தது. என் பேத்தியைத் தூக்குவது ஆறு வருஷம் தள்ளிப்போனதற்கு நான் அப்பாடா என்றிருக்கிறேன். இந்தப் பொங்கலுக்கும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன், யாராவது கேட்டால் வெயிலில் கறுத்துவிட்டார் என்று சொல்வதாக. லீட்ஸில், மார்கழி மாதத்தில்.

என்னுடையதை முடித்த பிறகு அம்மா தன் மூன்று பக்கத்தை நீட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது அல்லவா, "இந்தாங்க, இதையும் வாசிங்க, நான் என்ன பேசினேன்னு கேக்கணும்" என்றாள். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நான் எதிரே உட்கார்ந்து எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன். நான் படித்தது இது. "எங்க வீட்டுக்காரரு போட்டோவ வெளுத்து மாட்டிருக்காரும்மா. என் போன்ல நெசப் போட்டோ இருக்கு. கல்யாணம் ஆன மாசமே தெருவுல எல்லாருக்கும் காட்டிட்டேன். அவருகிட்ட யாரும் ஒண்ணும் கேட்டுக்காதீங்க, அவரா சொல்லட்டும்னு சொல்லி வச்சிருக்கேன்." மணிமேகலை, இதை நான் ஒரே மூச்சில் படிக்கவில்லை. தெ, ரு, வு, ல என்று கூட்டி, எல், லா, ருக், கும் என்று கூட்டி, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். அம்மா காயிலிருந்து தலையைத் தூக்காமல், "நிறுத்தாதீங்க, இன்னும் இருக்கு" என்றாள். இன்னும் இருந்தது. "அவரும் கறுப்புதான். எனக்குப் புடிச்சுத்தான் கட்டிக்கிட்டேன். அத மட்டும் அவரு இன்னிக்கு வரைக்கும் நம்பல" என்று இருந்தது. பக்கத்தில் ‘சிரிக்கிறார்’ என்று போட்டிருந்தது. இதையெல்லாம் வெளியாளிடம் சொல்வாயா என்று கேட்டேன். "நீங்க படிப்பீங்கன்னுதான் சொன்னேன். எட்டு வருஷமா வாயால சொன்னா காதுல விழல, எழுதுனா விழுமோ என்னமோன்னு" என்றாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "மக கோவம் நீங்க ஊருக்கு மறைச்சதுக்கு இல்லங்க. அந்தப் பச்சப்புள்ள அவ அப்பாவ பாத்து யாருன்னு கேட்டுச்சே, அதுக்கு" என்றாள்.

எனக்கு முதலில் வந்தது ரோஷம்தான், அதையும் மறைக்க மாட்டேன். மறுநாள் அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போய், என்னோடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய நஸ்ருல்லாவிடம், என் மருமகனைப் பார் என்று உண்மைப் படத்தைக் காட்டினேன். நஸ்ருல்லா டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பார்த்தான். "யோவ் பிச்ச, இத எத்தன தடவ பாக்குறது. உன் சம்சாரம் பேத்தி படத்தையும் மாசாமாசம் காட்டுது. நீ என்னிக்கு வாயத் தொறப்பன்னு நாங்க பந்தயமே கட்டிருந்தோம், அல்லா புண்ணியத்துல நான் ஜெயிச்சேன்" என்றான். கடைக்காரர் உட்பட நான்கு பேர் சிரித்தார்கள். எட்டு வருஷமாக நான் இந்தத் தெருவை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன், தெரு எட்டு வருஷமாக எனக்காக நடித்துக்கொண்டிருந்திருக்கிறது. என்னால் ஏமாந்தவர் இந்த ஊரில் ஒருவர்கூட இல்லை. அடிபட்டது லீட்ஸில் இருக்கும் இரண்டு பேர், என்னை ஒன்றுமே செய்யாதவர்கள்.

சுபஸ்ரீயிடம் பதினோரு பக்கத்தையும் திருப்பிக் கொடுக்கும்போது, பொய் உள்ள இடங்களில் எல்லாம் ஓரத்தில் பென்சிலால் பொய் என்று எழுதியிருந்தேன், ஏழு இடம். அவள் சிரிக்கவில்லை. எதையும் அடித்து அழிக்க வேண்டாம், உண்மை எதுவோ அதை ஒரு தாளில் எழுதித் தாருங்கள், இரண்டையும் சேர்த்தே வைக்கிறேன் என்றாள். அப்போது பேத்தியைப் பற்றி ஒன்று கேட்டேன், இப்படி இரண்டு இனத்துக்குப் பிறந்த குழந்தை குழம்பிப்போகாதா என்று. அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். அங்கே ஸ்கூலில், ஆஸ்பத்திரியில் நிரப்பும் பாரங்களில் நீ எந்த இனம் என்று கட்டம் கட்டமாக இருக்குமாம். "அபி மாதிரி புள்ளைக்குன்னு தனிக் கட்டம் பெரும்பாலும் இருக்காதுய்யா, கடைசியா ‘வேறு’ன்னு ஒண்ணு இருக்கும், அதுலதான் டிக் அடிப்பாங்க" என்றாள். எனக்குச் சுரீர் என்றது, என் பேத்தி வேறா என்று எழுந்தே நின்றுவிட்டேன். அவள் உட்காரச் சொன்னாள். தான் பேசிய பிள்ளைகளில் குழம்பியவர்கள் குறைவு, சுற்றியுள்ள பெரியவர்கள்தான் அதிகம் குழம்பியிருந்தார்கள் என்றாள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி அவளிடம், நீ யார் என்று எல்லா இடத்திலும் என்னைக் கேட்கிறார்கள், எங்கள் தாத்தா வீட்டில் மட்டும் யாரும் கேட்டதில்லை என்று சொன்னாளாம். அந்தப் பாரத்தை எழுதிய ஆபீஸரின் மேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி இருக்கிறது. நம் வீட்டுச் சுவரைப் பார்த்து, யார் என்று அபி கேட்கும்படி ஆனதே.

படத்தைக் கழற்றிவிட்டேன். உண்மைப் படம் ஒன்று போட்டுத் தரச் சொல்லி ஜெபராஜிடம் போனேன், அவன், "என்னண்ணே, மூணு தடவ ஏத்தச் சொன்னீங்க, இப்ப எறக்கச் சொல்றீங்க, இது என்ன வெங்காய மூட்டையா" என்றான். பிறகு அங்கேயே யோசித்து, படம் போடாமலே திரும்பிவிட்டேன். இந்த வீட்டுச் சுவரில் எந்தப் படம் இருக்க வேண்டும், இருக்க வேண்டுமா வேண்டாமா என்பதை நானே இன்னொரு தடவை முடிவு செய்யக் கூடாது. அதை மாப்பிள்ளை சொல்லட்டும். அதேபோல் நான் சுபஸ்ரீக்கு எழுதிக் கொடுத்த தாளில் உங்கள் மூன்று பேரைப் பற்றியும் இருக்கிறது, பெயர் இல்லை, ஆனாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் அது வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடுவாள்.

இனி வருவதை மாப்பிள்ளைக்கு இங்கிலீஷில் சொல்லிவிடு கண்ணு. அப்பா பாவம், வயதானவர், அந்தக் காலத்து மனிதர் என்று நீ உன் பங்குக்கு என்னை வெளுத்துக் காட்டாதே, இருக்கிறபடி சொல். மாப்பிள்ளை, உங்கள் முகத்தை நான் மாற்றினேன். உங்களிடம் கேட்கவில்லை. வெட்கப்பட்டு மாற்றினேன், அந்த வெட்கம் என்னுடைய வெட்கம், உங்களோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. உங்கள் மகள் உங்களைத் தெரியாமல் நின்றதை நீங்கள் பார்த்தீர்கள், பார்த்துவிட்டு என்னை ஒரு வார்த்தை சொல்லாமல் டீ போடப் போனீர்கள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மன்னிப்பு கேட்கிறேன், கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். அபியிடமும் கேட்க வேண்டும், அதற்கு ஆறு வயதுக்குப் புரியும் வார்த்தை என்னிடம் இன்னும் இல்லை, வந்தவுடன் எழுதுகிறேன்.

மணிமேகலை, ஹோட்டல் ரூமை வேண்டாம் என்று சொல் என்று நான் எழுதப் போவதில்லை. நீங்கள் அங்கேயே தங்குங்கள். நான் விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறி மத்திய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஹோட்டல் பெயரை நானே படித்துக் கண்டுபிடித்து வந்து கீழே நிற்பேன். மாப்பிள்ளை மேலே வரச் சொன்னால் வருவேன். சொல்லாவிட்டால் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு மாலை பஸ்ஸில் போய்விடுவேன், மறுநாளும் வருவேன். யாராவது யாருக்காக நிற்கிறீர்கள் என்று கேட்டால், என் மருமகன் க்வாமேவுக்காக என்று சொல்வேன்.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் மனம் குளிர இருக்க வேண்டும், ரங்கநாதர் துணை இருப்பார், அவரும் நல்ல கறுப்புதான் என்பதை அம்மா எழுதச் சொல்கிறாள். நைட் டூட்டி முடிந்து வந்தால் வெறும் வயிற்றோடு படுக்காதே. இங்கே தை மாதத்தில் பகலில் சூடு இருக்கும், அபிக்குக் கனமான கோட்டு வேண்டாம், பருத்தித் துணி இரண்டு எடுத்து வை. நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும் வரும் புதன்கிழமை இதே இடத்தில் உட்கார்ந்து மறுபடியும் எழுதுவேன், அடுத்த புதனும் எழுதுவேன், கை இப்போதுதான் பழகிவருகிறது.

உன் அப்பா,
வீ. பிச்சமுத்து